முன்னால் போகும் ரயில் எங்கே?

நியூயார்க் சுரங்க ரயிலில் போய் வருகிறவர்களுக்கு ஓர் அறிவிப்பு மனப்பாடம். இரண்டு நிலையங்களுக்கு நடுவே, சுரங்க இருட்டில், ரயில் நின்றுவிடும். முன்னால் ரயில் இருப்பதால் நிற்கிறோம், சீக்கிரம் கிளம்பிவிடுவோம் என்று ஒலிபெருக்கி சொல்லும். முன்னால் இருக்கும் அந்த ரயில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஓட்டுநருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு சிவப்பு விளக்கு. பெரும்பாலான தடங்களில், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் துல்லியமாகத் தெரியாது.

1904 அக்டோபர் 27-ஆம் தேதி ஓடத் தொடங்கிய அமைப்பு அது. இன்று 472 நிலையங்கள். இரவு பகல் என்று பாராமல் ஓடுகிறது. உலகத்தின் பணமெல்லாம் புழங்கும் ஊரில், எந்த ரயில் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாத நிலை ஏன்? சிக்னலை நவீனமாக்குவது என்றால் பழைய விளக்கைக் கழற்றிப் புதிய விளக்கு மாட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முன்னால் போகும் ரயில் எங்கே என்ற கேள்விக்கு இன்னும் துல்லியமான பதிலைக் கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. விளக்கு என்பது பதிலைத் தெரிவிக்கும் ஒரு வழி, அவ்வளவுதான்.

பழைய முறையை முதலில் பார்த்துவிடலாம். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மிக அழகான யோசனை. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக். துண்டும் துண்டும் சேரும் இடத்தில் மின்சாரம் தாண்டாதபடி காப்பு வைத்திருப்பார்கள். துண்டின் ஒரு முனையில் இரு தண்டவாளங்களிலும் லேசான மின்சாரம் கொடுத்தால், அது மறுமுனையில் இருக்கும் ரிலேயின் காந்தச் சுருளுக்குப் போய்ச் சேரும். அந்தக் காந்தம் ஒரு சிறிய இரும்புத் தகட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். தகடு மேலே இருக்கும் வரை பச்சை. ரயில் உள்ளே நுழைந்ததும் சக்கரமும் அச்சும் சேர்ந்து இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் சக்கரம் வழியாகவே திரும்பிவிடும், ரிலேக்குப் போகாது. பிடிப்பு விட்டுத் தகடு தன் எடையாலேயே கீழே விழும். சிவப்பு.

இந்த யோசனையின் உயிர் அந்தத் தகடு விழுவதில்தான் இருக்கிறது. வயர் அறுந்தாலும் விழும். கரன்ட் போனாலும் விழும். தண்டவாளம் நடுவில் உடைந்து மின்சாரம் தடைபட்டாலும் விழும். எது கெட்டாலும் சிவப்புதான் வரும், பச்சை வராது. சிவப்பைக் கவனிக்காமல் ஓட்டுநர் தாண்டினால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. சிக்னல் சிவப்பாக இருக்கும்போது தண்டவாளத்தின் ஓரத்தில் ஓர் இரும்புக் கை நிமிர்ந்து நிற்கும். ரயில் அதைத் தாண்டினால் அடியிலுள்ள குழாய்த் திறப்பில் அந்தக் கை மோதும், பிரேக்கில் காற்று இறங்கும், அவசர பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். கணினி என்ற பேச்சே இல்லாத காலத்தில் செய்தது இது. இன்றும் வேலை செய்கிறது.

குறை எங்கே என்றால், இந்த முறைக்கு பிளாக் மட்டும்தான் தெரியும். ஆள் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரியும், அறையின் எந்த மூலையில் என்று தெரியாது என்பதைப் போல. நியூயார்க்கில் ஒரு பிளாக் சராசரியாகச் சுமார் 300 மீட்டர். ரயில் அதன் வால்புறத்தில் நின்றாலும் முன்புறத்தில் நின்றாலும், பின்னால் வரும் ரயிலுக்கு ஒரே பதில்தான்: முழு பிளாக்கும் நிறைந்திருக்கிறது. அதோடு, இரும்புக் கையில் மோதிய ரயில் நின்று முடிப்பதற்கும் இடம் வேண்டும் அல்லவா? அதற்காகப் பின்னால் இன்னும் கொஞ்சம் தடத்தைக் காலியாக விட வேண்டும். இப்படி ஒவ்வொரு ரயிலும் தன் நீளத்தைப்போல் பல மடங்கு வெற்றுத் தடத்தை இழுத்துக்கொண்டு போகிறது. மணிக்கு இத்தனை ரயில்தான் என்ற வரம்பு இங்கிருந்துதான் வருகிறது.

ஒரு பிளாக்கில் ரயில் இருக்கிறது என்று தெரிந்தாலும், அது எந்த ரயில் என்று ரிலேக்குத் தெரியாது. அடுத்த ரயில் இத்தனை நிமிடத்தில் என்று காட்டும் பலகை நியூயார்க்கில் முதலில் 2007-இல் எல் தடத்தில் வந்தது. அந்தத் தடத்துக்குத்தான் முதலில் புதிய சிக்னல் கிடைத்தது என்பது தற்செயல் அல்ல. எழுத்துப் பெயர் கொண்ட மற்ற தடங்களில் 2017 வாக்கில்தான் அந்தப் பலகைகள் பரவலாயின. அப்போதும் சிக்னல் அமைப்பிடம் கேட்டுச் சொல்லவில்லை; ரயிலிலும் நிலையத்திலும் புளூடூத் கருவிகளைத் தனியாக மாட்டித்தான் எந்த ரயில் எங்கே என்று கண்டுபிடித்தார்கள். கைப்பேசிக்கும் காதில் மாட்டும் கருவிக்கும் இடையே இருக்கிற அதே தொழில்நுட்பம். ஒரு சிக்னல் அமைப்புக்கு எவ்வளவு தெரியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

மன்ஹாட்டனில் வெஸ்ட் 4-வது தெரு நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கேபினை, ரயில்வே நிர்வாகமான எம்டிஏ 2015-இல் தானே படம்பிடித்து வெளியிட்டது. 1930-களில் வைத்த கருவிகள். வரிசையாக லீவர்கள். ஓர் ஆள் கையால் இழுத்தால்தான் தண்டவாளக் கிளை மாறும், சிக்னல் விழும். உள்ளே துணி சுற்றிய வயர்கள். இவற்றுக்கு உதிரி பாகம் எந்தத் தொழிற்சாலையிலும் கிடைப்பதில்லை. பழுதானதைத் தங்கள் பட்டறையிலேயே சரிசெய்து மாட்டுகிறார்கள். அந்தப் பட்டறைத் தொழிலாளர்களைப் பற்றி நினைத்தால் மரியாதையாக இருக்கிறது. பல லட்சம் பேரின் அன்றாடம் அவர்கள் கைவேலையை நம்பி ஓடுகிறது என்பது கவலையாகவும் இருக்கிறது.

பழைய கணக்கு எப்போதும் பாதுகாப்பான பக்கமே சாயும் என்றும் சொல்லிவிட முடியாது. 1995 ஜூன் 5 அதிகாலை, வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல், சிவப்புக்கு நின்றிருந்த ஓர் எம் ரயிலின் பின்னால் ஜே ரயில் மோதியது. மோதிய ரயிலின் ஓட்டுநர் இறந்தார்; 50-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஜே ரயில் சிவப்பைத் தாண்டியிருந்தது. இரும்புக் கை தன் வேலையைச் செய்தது. அவசர பிரேக்கும் பிடித்தது. நின்று முடிக்க இடம்தான் போதவில்லை. அந்த சிக்னல்களுக்கு இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்பது 1918-ஆம் ஆண்டின் ரயில்களை வைத்துப் போட்ட கணக்கு. அதற்குப் பிறகு வந்த பெட்டிகள் கனமும் கூட, வேகமும் கூட. தண்டவாள ஓரத்துக் கணக்கை யாரும் திருப்பிப் போடவில்லை.

அதற்குப் பிறகு செய்தது, ரயிலின் வேகத்தைக் குறைத்தது. முடுக்கத்தைக் கட்டுப்படுத்தினார்கள். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வந்தால் பச்சை விழாத நேரக்கட்டுப்பாட்டு சிக்னல்களைப் பல இடங்களில் வைத்தார்கள். பாதுகாப்புக்கு அது தேவையாகவே இருந்தது. ஆனால் 2018-இல் ஒரு தனிக்குழு தடம் தடமாகப் போய்ச் சோதித்தபோது, இவற்றில் நூற்றுக்கணக்கானவை தவறான அளவில் ஓடுவது தெரிந்தது. எழுதியிருந்த வேகத்துக்குக் கீழே வந்தாலும் சில சிக்னல்கள் சிவப்பிலேயே நின்றன. அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் பலகையில் எழுதியிருப்பதை நம்பாமல் இன்னும் மெதுவாகப் போகக் கற்றுக்கொண்டார்கள். ரயில் வருடத்துக்கு வருடம் மெதுவாவதாகப் பயணிகள் புலம்பியதில் இதற்கும் பங்கு உண்டு.

இனி புதிய முறை. தொழில்துறையில் இதை சிபிடிசி என்கிறார்கள். ரயிலும் தரையும் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதுதான் இதன் அடிப்படை. பழைய முறையில் தண்டவாளம் ரயிலைக் கண்டுபிடித்தது. இங்கே ரயிலே தன் இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறது.

எப்படிக் கண்டுபிடிக்கும்? சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் எட்டாது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே, இடைவெளி விட்டு, அடையாளப் பட்டைகளைப் பதித்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ரயிலின் அடியில் இருக்கும் கருவி அதைக் கடக்கும்போது எண்ணைப் படிக்கும். நான் இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று ரயிலுக்கு உறுதியாகிவிடும். அடுத்த பட்டை வரும் வரை, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித் தூரத்தைக் கணக்கிடும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சக்கரம் தேயும். தேய்ந்தால் விட்டம் குறையும், ஒரு சுற்றுக்குப் போகும் தூரமும் குறையும். அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டவெளியில் ஓடும் பகுதியில் மழை பெய்து தண்டவாளம் வழுக்கினால் சக்கரம் சுற்றும், ரயில் அவ்வளவு நகர்ந்திருக்காது. பிரேக் போடும்போது சக்கரம் நின்று ரயில் வழுக்கிக்கொண்டு போவதும் உண்டு. அதற்காக ரேடார் போன்ற வேறு அளவிகளையும் வைத்து ஒன்றை ஒன்று சரிபார்க்கிறார்கள். அப்படியும் மிச்சம் இருக்கும் சந்தேகத்தை மறைப்பதில்லை. இத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்று அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ரயில் தன் இடத்தைச் சொல்கிறது.

இந்தத் தகவல் ரேடியோ வழியாகத் தடத்தின் அந்தப் பகுதியைக் கவனிக்கும் கணினிக்குப் போகிறது. அது எல்லா ரயில்களையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இதுவரை நீ போகலாம் என்று ஓர் எல்லை கொடுக்கிறது. முன்னால் போகும் ரயிலின் வால், அதற்குப் பின் ஒரு பாதுகாப்பு இடைவெளி, அங்கே எல்லை. முன் ரயில் நகர நகர எல்லையும் நகரும். பிளாக் என்பது தரையில் நிலையாகக் கிடக்காமல் ரயிலோடு கூடவே போகிறது. ரயிலில் இருக்கும் கணினி, இந்த எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் இந்த நொடியில் எவ்வளவு வேகம் போகலாம் என்று ஓயாமல் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். மீறினால் பிரேக். சில நொடிகள் பேச்சு அறுந்தாலும் பிரேக். ராபின்சனின் தகடு விழுந்ததே, அந்தப் புத்தி இங்கேயும் தொடர்கிறது.

இது நேற்று வந்த தொழில்நுட்பம் இல்லை. நம்மவர்கள் நிறைய வாழும் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் 1985-இல் தொடங்கிய ரயில் தடம் இந்த வகையைச் சேர்ந்தது. ரேடியோவுக்குப் பதில் தண்டவாளங்களுக்கு நடுவே போட்ட கேபிள் வழியாகப் பேசியது. வான்கூவரின் ஸ்கைட்ரெய்னும் அதே காலத்தது, ஓட்டுநரே இல்லாமல் ஓடியது. புதிதாகத் தடம் போடுகிறவர்களுக்கு இது எளிது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் தடத்தில் வைப்பதுதான் கஷ்டம்.

நியூயார்க்கை இந்தப் பக்கம் தள்ளியது ஒரு துயரம். 1991 ஆகஸ்ட் 28 நள்ளிரவு, யூனியன் ஸ்கொயர் அருகே, குடித்திருந்த ஓட்டுநர் அளவுக்கு மீறிய வேகத்தில் கிளைத் தடத்தில் ஏற்ற, ரயில் தடம்புரண்டு 5 பேர் இறந்தார்கள். ஓட்டுநரின் நிதானத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. சோதனைக்கு எல் தடத்தைத் தேர்ந்தார்கள். வேறு எந்தத் தடத்தோடும் கலக்காத, 24 நிலையங்கள் கொண்ட தனித் தடம். 1999-இல் ஒப்பந்தம், 2009 வாக்கில்தான் ரயில்கள் தானியங்கி முறையில் முழுமையாக ஓடின. அதற்குள் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் குடியேற்றம் பெருகிப் பயணிகள் கூட்டம் கணக்கை மீறிவிட்டது. புதிய கருவி பொருத்திய பெட்டிகள் போதாமல், வேறு பெட்டிகளிலும் அந்தக் கருவியை மாட்ட வேண்டியிருந்தது.

எல் தடம் சொன்ன இன்னொரு செய்தி முக்கியம். சிக்னல் அனுமதித்தாலும் மணிக்கு 20 ரயிலுக்கு மேல் விட முடியவில்லை. மின்சாரம் போதவில்லை. இன்னும் ரயில் விடப் புதிய துணை மின்நிலையங்கள் வேண்டியிருந்தன. தவிர, மன்ஹாட்டனில் அந்தத் தடம் ஒரு முட்டுச் சுவரில் போய் முடிகிறது. ரயில் ஊர்ந்துதான் உள்ளே வர வேண்டும், அதே வழியாகத் திரும்ப வேண்டும். சிக்னலை மாற்றினால் நெரிசல் தீர்ந்துவிடும் என்று யாராவது வாக்குறுதி கொடுத்தால், கடைசி நிலையத்தில் ரயில் எப்படித் திரும்புகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து 7-ஆம் தடம். 2010-இல் 34.3 கோடி டாலருக்கு ஒப்பந்தம். 2016-இல் முடிய வேண்டியது 2018 நவம்பரில் முடிந்தது. உச்ச நேரத்தில் மணிக்கு 27-ஆக இருந்த ரயில்கள் 29 ஆயின. இரண்டே ரயிலுக்கா இத்தனை பணம் என்று கேட்கத் தோன்றும். எனக்கு அந்த இரண்டு ரயில் பெரிதாகப் படவில்லை. தாமதமானால் சீக்கிரம் பழைய ஒழுங்குக்குத் திரும்புவதுதான் பெரிது. நேரம் தவறாமையில் எல் தடமும் 7-ஆம் தடமும்தான் நியூயார்க்கில் முன்வரிசையில் நிற்கின்றன.

ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது? பல ஊர்களில் இரவில் மெட்ரோ மூடுவார்கள். சில மணி நேரம் வேலைக்குக் கிடைக்கும். நியூயார்க்கில் மூடுவதே இல்லை. ஒவ்வோர் இரவும், ஒவ்வொரு வார இறுதியும் யாருடைய பயணத்தையாவது நிறுத்தித்தான் தண்டவாளத்தில் கால் வைக்க முடியும். இறங்கியதும் வேலை ஆரம்பமாகாது: மின்சாரத்தை நிறுத்த வேண்டும், எச்சரிக்கைக் கொடி வைக்க வேண்டும், கருவிகளை இறக்க வேண்டும். விடியும் முன் எல்லாவற்றையும் திருப்பி எடுக்க வேண்டும், தடம் ஓட்டத்துக்குத் தயார் என்று உறுதிசெய்ய வேண்டும். நடுவில் கிடைப்பதுதான் உண்மையான வேலை நேரம். 2024 கோடையில் ஜி தடத்தில் வேறு வழியைப் பிடித்தார்கள். ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை பகுதி பகுதியாகத் தடத்தையே மூடிவிட்டு, பயணிகளுக்குப் பேருந்து விட்டு, இரவு பகலாக வேலை பார்த்தார்கள். சில வாரம் கஷ்டம், ஆனால் பல வருட வார இறுதிகள் மிச்சம். என் கணிப்பில் இதுதான் நேர்மையான வழி.

இரண்டாவது சிக்கல், பழையதும் புதியதும் கூடவே இருக்க வேண்டியது. கருவி பொருத்தாத பராமரிப்பு ரயில்கள் அதே தடத்தில் வரும். ரேடியோ போனால் ரயில் எங்கே என்று சொல்ல வேறொன்று வேண்டும். தண்டவாளம் உடைந்ததை ரேடியோ சொல்லாது. பழைய மின்சுற்றுதான் சொல்லும். அதனால் நியூயார்க்கின் ஆரம்பத் திட்டங்களில் புதிய முறைக்கு அடியிலேயே பழைய வகை சிக்னல்களையும் வைத்துக்கொண்டார்கள். செலவு ஏறியது. பராமரிக்க வேண்டியது குறையவில்லை.

இந்த இரட்டை வாழ்க்கையின் ஆபத்தைச் சிங்கப்பூர் 2017-இல் கண்டது. கிழக்கு மேற்குத் தடத்தின் பெரும்பகுதி அப்போது பழைய முறையில் இருந்தது. துவாஸ் பக்கம் புதிதாக நீட்டிய பகுதி புதிய முறையில். நவம்பர் 15 காலை, ஜூ கூன் நிலையத்தில் நின்றிருந்த ஒரு ரயிலின் பின்னால் இன்னொரு ரயில் வந்து நின்றது. சிறிது நேரத்தில் அது தானாக முன்னே நகர்ந்து மோதியது. 38 பேருக்குக் காயம். முன்னால் நின்ற ரயிலைச் சுற்றி மென்பொருள் போட்டிருந்த பாதுகாப்பு வளையம், அது வரும் வழியில் ஒரு தண்டவாளக் கருவியைக் கடந்தபோது நீங்கிவிட்டது. 6 பெட்டி ரயிலை 3 பெட்டி ரயில் என்று அமைப்பு எடுத்துக்கொண்டது. ரயில் எங்கே என்பதோடு, அதன் வால் எங்கே முடிகிறது என்பதும் அதே கேள்வியின் பகுதிதான். அதற்குப் பிறகு புதிய முறைப் பகுதியையும் பழைய முறைப் பகுதியையும் பிரித்தே ஓட்டினார்கள். 2018-இல் முழுத் தடமும் புதிய முறைக்கு மாறியது.

மூன்றாவது, தடங்கள் ஒன்றோடொன்று கலப்பது. எஃப் ரயில் குவீன்ஸில் ஒரு தடத்தைப் பகிர்கிறது, மன்ஹாட்டனில் வேறொன்றை, புரூக்ளினில் இன்னொன்றை. ஒரு பகுதிக்கு ஒரு நிறுவனத்தின் கருவி, அடுத்த பகுதிக்குப் போட்டி நிறுவனத்தின் கருவி என்றால், ஒரே ரயில் இரண்டோடும் பேச வேண்டும். இதற்காக நிறுவனங்கள் பொதுவான இலக்கணத்துக்கு இணங்க வேண்டும் என்று நியூயார்க் பிடிவாதமாக நின்றது. நாள் பிடித்தது. ஆனாலும் அந்தப் பிடிவாதம் சரி. இல்லாவிட்டால் ஒரே விற்பனையாளரிடம் பல பத்தாண்டுகளுக்குச் சிக்கிக்கொள்ள நேரும்.

நவீனமானது நெடுநாள் நவீனமாக இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். சான்பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெரு சுரங்கத்தில் 1998-இல் தானியங்கிக் கட்டுப்பாடு வந்தது. அதன் மென்பொருளைத் தினமும் காலையில் ஃபிளாப்பி வட்டில் இருந்து ஏற்றினார்கள். ஃபிளாப்பி உலகத்தை விட்டே போன பிறகும் அங்கே போகவில்லை. 2024-இல்தான் 21.2 கோடி டாலருக்கு மாற்று ஒப்பந்தம் ஒப்புதல் பெற்றது. ரிலே 80 வருடம் உழைக்கும். கணினிக்கு 25 வருடம் கிடைத்தாலே அதிகம். சிபிடிசி வாங்கும் ஊர், அடுத்த தலைமுறை மாற்றத்துக்கும் சேர்த்து இன்றே கையெழுத்துப் போடுகிறது. ஒப்பந்தப் பேச்சில் இது பெரும்பாலும் மறந்துபோகிறது.

மறப்பதற்குக் காரணமும் இருக்கிறது. புதிய நிலையத்துக்கு ரிப்பன் வெட்டலாம். கல்வெட்டு வைக்கலாம். சுரங்கச் சுவரில் மாட்டிய ரேடியோ பெட்டிக்கு யார் விழா எடுப்பார்கள்? 2017 ஜூனில் தாமதங்கள் தாங்காமல் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ நெருக்கடி நிலை அறிவித்த பிறகுதான் சிக்னல் என்ற சொல் நியூயார்க் அரசியலில் பெரிதாக அடிபட்டது. மறு ஆண்டு சுரங்க ரயில் பொறுப்பில் இருந்த ஆண்டி பைஃபோர்ட், 5 ஆண்டுகளில் 5 தடங்கள், அடுத்த 5 ஆண்டுகளில் இன்னும் 6 என்று திட்டம் போட்டார். அவர் 2020-இல் பதவி விலகிப் போனார். திட்டத்தின் வேகம் பணத்தைப் பொறுத்தே இருந்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்று முடிவானதோ அது மன்ஹாட்டனின் சாலையில் இருந்தது. 60-வது தெருவுக்குத் தெற்கே காரில் நுழைகிறவர்களிடம் நெரிசல் கட்டணம் வாங்கி, அந்த வருவாயைக் காட்டி 1,500 கோடி டாலர் திரட்டி, சிக்னல் உள்ளிட்ட வேலைகளுக்குச் செலவிடுவது. 2024 ஜூனில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் அதைக் கடைசி நேரத்தில் நிறுத்திவைத்தபோது, புரூக்ளினில் ஏ, சி ரயில்கள் ஓடும் ஃபுல்டன் தடத்தின் சிக்னல் மாற்றமும் ஒத்திப்போன பட்டியலில் சேர்ந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதி, உச்ச நேரத்தில் காருக்கு 9 டாலர் என்று கட்டணம் நடப்புக்கு வந்தது. ஃபுல்டன் தடம் மறுபடி வேலைப் பட்டியலுக்கு வந்துவிட்டது. அங்கே கம்பி இழுத்து, பட்டை பதித்து, ரயில் ரயிலாகச் சோதித்து முடிக்கும் வரை, அந்தத் தடத்து ஓட்டுநர் விளக்கைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.